சாவிக் கோப்பு

நிக்ஸ் என்ற கணினி மொழியைக் கற்க வந்தவர்கள் முதல் மூன்று மாதம் அழுவார்கள் என்று அன்புச்செல்வியிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். அவள் அழவில்லை. தங்கச் சுரங்க ஊரில் ஸ்கெலட்டன் என்ற பகுதியிலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டே படித்தாள். அந்த மொழியின் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கோப்பில் எழுதியது மெஷினில் இருக்கும், எழுதாதது இருக்காது. கேட்க எவ்வளவு சுலபம்! பட்டால்தானே தெரிகிறது.

அந்த ஞாயிறு காலை, வீட்டிலிருந்தபடியே, கம்பெனி சர்வருக்குள் நுழைய அனுமதி பெற்றவர்களின் டிஜிட்டல் சாவிகளைத் தனிக் கோப்பாக அழகாகப் பிரித்து வைத்தாள். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது நிக்ஸ். கண்ணெதிரே இருப்பதை இல்லை என்கிறது! எரிச்சலில் அந்தக் கோப்பை அழைக்கும் ஒரு வரியை மட்டும் நிறுத்திவிட்டு ஓட்டினாள். ஓடியது. அந்தச் சந்தோஷத்தில், டிஸ்க் நிறைந்திருக்கிறதே என்று பழைய பதிப்புகளையும் ஒரே கட்டளையில் துடைத்தாள். பிறகுதான் இன்னொரு விண்டோவில் சர்வருக்குள் நுழையப் பார்த்தாள். அனுமதி இல்லை.

யாருடைய சாவியும் உள்ளே இல்லை. திரும்பிப் போகப் பழைய பதிப்பும் இல்லை, தன் கையாலேயே துடைத்தாயிற்று. காலையிலேயே சர்வருக்குள் நுழைந்து திறந்து வைத்த முதல் விண்டோ மட்டும் உயிரோடிருந்தது. அதுவும் அறுந்தால் முப்பது லேப்களின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் இருக்கும் சர்வருக்குள் யாரும் போக முடியாது. நாளைக்குத்தான் அவளை வேலையில் நிரந்தரமாக்கும் நாள் வேறு.

சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீட்டில் ஒரே ப்ளக் பாயிண்ட். மிக்ஸி ஓட வேண்டுமென்றால் ரவுட்டர் நிற்க வேண்டும். அம்மா பழனியம்மா மசாலாவோடு வந்து ரவுட்டர் ஒயரில் கை வைத்தாள்.

“யம்மா, தொடாத!”

“இன்னாடி, பேய் கீய் புடிச்சிக்கிச்சா? கறி வெந்துக்கினு கீது, மசாலா அரைக்க வாணாமா?”

“அத புடுங்குனா என் வேலையே போயிடும்மா.”

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பயம் அதைவிடப் பெரியதாக இருந்தது. அவளை வேலையில் சேர்த்துவிட்ட டீம் லீட், அதே ஊரின் மைசூர் மைன்ஸ் பகுதிக்காரன் விநாயக்குக்கு போன் போட்டு, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

அவன் திட்டவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

“அந்த விண்டோவ மூடிடாத. புது ஃபைல கிட்ல சேத்தியா?”

“இல்லண்ணா.” கோப்புகளின் மாற்றங்களைப் பதியும் கிட் என்ற பதிவேட்டில் அதைச் சேர்க்கவே மறந்திருந்தாள்.

“சேக்காத ஃபைலு நிக்ஸ் கண்ணுக்குத் தெரியாதும்மா. சேத்துட்டு, நிறுத்துன வரியத் திருப்பிப் போட்டு ஓட்டு.”

இரண்டு முறை தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். நான்கு நிமிடம் ஓடியது. மிக்ஸி ஒயரைக் கையில் பிடித்தபடி அம்மா அசையாமல் நின்றாள். கடைசியில் முடிந்தது.

“உள்ள பூந்துட்டேன்,” என்றான் விநாயக். “நீ வை, மீதிய நான் பாத்துக்கறேன்.”

போன உயிர் திரும்பியது. கால் மணி கழித்து, சும்மா பார்க்கலாமே என்று புதிய விண்டோவில் நுழைந்து பார்த்தாள். அனுமதி இல்லை. இன்னும் அறுந்திராத முதல் விண்டோவில் சாவிக் கோப்பைத் திறந்தாள். விநாயக் பெயர் இருந்தது, மற்ற நான்கு பேர் பெயரும் இருந்தது. அவளுடைய வரி இல்லை. மறுபடி போன் போட்டாள்.

“ஆமாம்மா, எடுத்துட்டேன். நாளிக்கு ஆபீஸ் வா, பேசலாம்.”

“இப்பனா புடுங்கலாமாடி?” என்று கேட்டாள் பழனியம்மா.

“புடுங்கிக்கோம்மா,” என்றாள்.