இழை அறுந்தால் ஒரு விரல்

தறிக்கூடத்தில் பஞ்சு பறக்கும். சன்னல் வெயிலில் மட்டும் கண்ணுக்குத் தெரியும். மற்ற நேரம் மூச்சுக்குள் போகும்.

அங்கே தறிச் சத்தம் பேச்சைத் தின்றுவிடும். உதடு மட்டும் அசையும். இழை அறுந்தால் அவர் ஒரு விரலைத் தூக்கி மடக்குவார். நான் போய் முடிச்சுப் போடுவேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பேச்சில் பாதி இதுதான்.

இப்போது ஆஸ்பத்திரி. அவருக்குக் குடலில் ஆபரேஷன். வயிற்றைக் கிழித்துத் தைத்துவிட்டார்கள். தையல் நன்றாக இருக்கிறது. ஆள்தான் இன்னும் திரும்பி வரவில்லை.

கண் திறந்தார். என்னைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க ஆருங்க?"

தெருவுக்கே கேட்கிற மாதிரி "ஏ புள்ளே" என்று கூப்பிட்ட வாய். மரியாதை வந்துவிட்டது. அந்த மரியாதைதான் குத்தியது.

மகள் சுகந்தி சிரிக்கப் பார்த்தாள். "அப்பா, உங்க சம்சாரமுங்க. நல்லாப் பாருங்க."

"அவ தறிக்குப் போயிருக்கறா. இந்தம்மாள ஊட்டுக்குப் போவச் சொல்லு. பாவம், தூங்கி வழியறாங்க."

டாக்டர் மறைக்கவில்லை. "வயசானவங்களுக்கு மயக்க மருந்து குடுத்தா, சில பேருக்கு இப்படிக் குழப்பம் வரும். பெரும்பாலும் தெளிஞ்சிரும்."

பெரும்பாலும். அந்தச் சொல்லையே மென்றுகொண்டிருந்தேன்.

வெளியே மழை. விட்டது. மறுபடி மழை. கஞ்சி ஊட்டினேன். "உங்களுக்குப் புண்ணியமாப் போவுமுங்க" என்றார். உடம்பு துடைத்துவிட்டேன். கூச்சப்பட்டார். அழலாம்தான். அதற்கும் அலுப்பாக இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் கட்டில்மேல் வெயில் விழுந்தது. போர்வையை உதறினேன். பஞ்சு பறந்தது.

அவர் அதையே பார்த்தார். பிறகு ஒரு விரலைத் தூக்கினார். மடக்கினார்.

கால் தானாகப் போனது. இல்லாத இழையை எடுத்தேன். இரண்டு விரலால் முறுக்கி முடிச்சுப் போட்டேன்.

என் முகத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. எனக்குச் சத்தம் வேண்டியதில்லை.

ஏ புள்ளே.

"என்னங்க" என்றேன். என் உதடும் அசைந்தது, அவ்வளவுதான்.

மேகம் வந்தது. வெயில் கட்டிலை விட்டு இறங்கியது. "ஏனுங்க," என்றார், "நீங்க இன்னும் போவலீங்களா?"

போகவில்லை. சன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பஞ்சு பறந்துகொண்டுதான் இருக்கும். வெயில் வந்தால் தெரியும்.