பரப்பினார்

அகராதி அலுவலகத்தில் அவளுக்குப் பகரச் சொற்களை ஒதுக்கியிருந்தார்கள். அந்த வாரம் ‘பரவு’ என்ற சொல். வேர் ‘பர’. அதிலிருந்து பரப்பு, கடலைக் குறிக்கும் பரவை, உழுத மண்ணைச் சமன் செய்யும் பரம்பு. பரவுதல் என்றால் துதித்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. அது எப்படி வந்தது என்று ஆசிரியரோடு இரண்டு நாளாக மல்லுக்கு நின்றாள். கையை விரித்துத் தொழுவதால் என்றார் அவர். புகழை நாலு பேருக்குக் கொண்டுபோவதால் என்றாள் இவள். பேச்சு சூடேறிக்கொண்டிருந்தபோதுதான் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.

தங்கை தீக்காயப் பிரிவில் கிடந்தாள். இரண்டு கால்களிலும் முழங்கால்வரை தோல் இல்லை. அவள் புருஷனுக்குக் கார்களுக்கு வண்ணமடிக்கும் பட்டறை. காவலர் ஒருவர் கட்டிலருகே உட்கார்ந்து, தான் எழுதிய வாக்குமூலத்தை வாசித்தார்: “தின்னர் டப்பா கவிழ்ந்து, குளியலறைத் தரையில் பரவித் தீப்பிடித்தது.”

“அப்படிச் சொல்லல,” என்றாள் தங்கை. “பரப்பினார்னு சொன்னேன். நான் உள்ள குளிச்சிட்டிருந்தேன். வெளிய தாழ்ப்பாளப் போட்டுட்டு, கதவுக்கடியில துடைப்பத்தால தள்ளித் தள்ளிப் பரப்பினார். அப்புறம் குச்சியக் கிழிச்சார்.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா.”

அக்கா குறுக்கிட்டாள். “இல்ல சார். பரவினா தானா ஓடுது. பரப்பினா ஒரு ஆள் வேணும். நீங்க ஆள விட்டுட்டு எழுதியிருக்கீங்க.”

காவலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் வரியை அடித்துத் திருத்தினார்.

யாரோ இதைத் தங்கை புருஷன் காதில் போட்டிருக்க வேண்டும். மறுநாள் நண்பகலில், காவலர்கள் அவனைப் பட்டறையில் தேடிக்கொண்டிருந்தபோது, அவன் அகராதி அலுவலகத்தின் படியேறி வந்தான்.

“அக்கா அக்கான்னு வாய் நெறையக் கூப்பிட்டேனே,” என்றான். “ஒரு சொல்ல மாத்தி எனக்குக் கயிறு திரிக்கிறியா?”

அவள் கூந்தலைப் பிடித்து, சொற்சீட்டுப் பெட்டியின் விளிம்பில் நெற்றியை மோதினான். ரத்தம் கண்ணில் இறங்கியது. விழுந்தவளை விலாவில் உதைத்தான். தடுக்க வந்த ஆசிரியரின் வாயில் குத்தினான். மனிதர் இரண்டு பல்லைத் துப்பிவிட்டு, அவன் காலைக் கட்டிக்கொண்டார், விடவில்லை. அந்த இடைவெளியில் அவள் சீட்டுகள் நிறைந்த மர இழுப்பறையை உருவி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவன் சரிந்தான். அவள் நிறுத்தவில்லை. தோளில், முதுகில், மறுபடியும் முதுகில் அடித்தாள்.

“போதும்மா, செத்துடுவான்,” என்று ஆசிரியர் அவள் கையைப் பிடித்தார்.

“சாகட்டுமே,” என்றாள். அதை மனதாரச் சொன்னோம் என்பது அவளுக்கே பிற்பாடுதான் உறைத்தது.

அவனுக்குப் பதினோரு ஆண்டு சிறை கிடைத்தது. தங்கை ஏழு வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தாள், கைத்தடியோடு. குளிக்கும்போது கதவைச் சாத்த விடமாட்டாள். அக்கா குளியலறை வாசலில் முக்காலி போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள்.

“போரடிக்குதாக்கா?”

“நீ சீக்கிரம் தண்ணிய ஊத்து. எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு.”