செவலைக் காளையின் கைநாட்டு

1
இந்தக் காலத்து ஆட்களுக்கு மனுசன் வாயில் நம்பிக்கை இல்லை. எதற்கெடுத்தாலும் காகிதம். காகிதம் பொய் சொல்லாதாம்! அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கதை குத்துக்கல்வலசை வண்டிக்காரன் மாடக்கண்ணு சொன்னது. அவன் பேச்சில் பாதியை நம்பலாம். எந்தப் பாதி என்பதுதான் தெரியவில்லை.

2
அலைகள் ஆர்ப்பரித்த அந்த மாலையில் ஒரு பாய்மரக் கப்பல்...

(அடித்துவிட்டேன். தென்காசியில் ஏது கடல்?)

குற்றாலத்துச் சாரலுக்கு வந்த பணக்காரர் ஆதித்தன் தூத்துக்குடியில் சொந்தமாக ஒரு பாய்ப்படகு வாங்கினார். கொல்லத்துக் காயலில் உல்லாசமாக ஓட்ட வேண்டுமாம். படகை மாடக்கண்ணுவின் வண்டியில் ஏற்றிவிட்டு அவர் ரயிலில் முன்னே போய்விட்டார். செங்கோட்டைக்கு முன்னால் திருவிதாங்கூர் சமஸ்தானத்து எல்லை. அங்கே ஒரு சுங்கச் சாவடி.

3
"வெளிநாட்டுப் படகு எங்க தண்ணியில ஓடணும்னா நூறு ரூவா* தீர்வை," என்றார் குமாஸ்தா. "முப்பது நாள்ல திரும்பிருவேன்னு படகோட்டுற கப்பித்தான் கைநாட்டு வச்சா தீர்வை இல்லை. ஆனா அதுவரை அவன் படகை விட்டு நகரப்படாது. யாருவே கப்பித்தான்?"

"மொதலாளி ரயில்ல போயிட்டாக."

"அப்ப நீருதான்."

கட்ட நூறு ரூபாய்க்கு மாடக்கண்ணு எங்கே போவான்? வீட்டில் பெண்சாதி தங்கத்தாய்க்கு நிறைமாதம். முதல் பிள்ளை பிறந்தபோது இவன் பாரத்தோடு மதுரையில் கிடந்தான். "இந்தத் தடவையும் இங்கன இல்லைன்னா, பிறவு வாசப்படி மிதிக்கப்படாது," என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். படகை விட்டுவிட்டு ஓடினாலோ, முதலாளி ஆதித்தன் அதற்கு ஈடாக வண்டியையே பிடுங்கிக்கொள்வார்.

(* முதல் தடவை சொன்னபோது ஐம்பது என்றான்.)

4
மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் அழுதான். அழுகிற ஆளா அவன்? இன்னொன்றில் குமாஸ்தா இரங்கினார். அப்படியொரு குமாஸ்தாவை நான் பார்த்ததில்லை. மூன்றாவது, அவன் சொன்னது:

"படகை இங்கன வரை கொண்டாந்தவன்தானய்யா கப்பித்தான்? நான் வழி முச்சூடும் தூங்கிட்டுல்லா வந்தேன்! கொண்டாந்தது இந்தச் செவலை. ஜோடிக்காளை மயிலை சும்மா கூட நடப்பான்."

குமாஸ்தா சட்டப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினாராம். கப்பித்தானுக்கு எத்தனை கால் என்று எங்கும் எழுதவில்லையாம். செவலையின் குளம்பில் மை தடவி ஒற்றி, செங்கோட்டைக்காரன் ஒருவனின் காளையைக் கூடப் பூட்டி, அவனையே ஓட்டச் சொல்லி, படகு வண்டியைக் கொல்லத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். மாடக்கண்ணு மயிலையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தானாம்.

5
மெய்தானா என்று பார்க்க நேரே அவன் வீட்டுக்குப் போனேன். தொழுவத்தில் மயிலை மட்டும் நின்றது. உள்ளே பச்சைப்பிள்ளை அழுதது.

"செவலை எங்கலே?"

"கொல்லத்துல, அண்ணாச்சி. இன்னும் பத்தொம்பது நாள் கெடக்கு."

சாவடியில் கொடுத்த காகிதத்தை நீட்டினான். அடியில் கறுப்பாக ஒரு தடம், நடுவே பிளந்து.

"குளம்பா இது? ரெண்டு பெருவிரலை ஒட்டி வச்சியாலே?"

"காயிதத்துலயே இருக்குல்லா, அண்ணாச்சி!"

முப்பதாம் நாள் செவலை படகோடு திரும்புமா என்று நீங்களே போய்ச் சாவடியில் நின்று பாருங்கள். எனக்கு வேறு வேலை இருக்கிறது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

மாட்டை விற்றிருப்பான், பயல்.