பெயர் சொல்லாத குற்றம்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து காஸ்பரின் சாந்தோம் வீட்டு முன்னறையில் கூடியவர்கள் நான்கு பேர். ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் காஸ்பரின் அண்ணன் அகஸ்டின், செக்ரடேரியட் குமாஸ்தா. கட்டில் விளிம்பில், முக்காட்டை இன்னும் எடுக்காத அவர் மனைவி நோரா. கதவோர ஸ்டூலில், கச்சேரி ரோட்டிலிருந்து சைக்கிளில் வந்த வக்கீல் ஸ்ரீரங்கன். காஸ்பரின் மனைவி வெரோனிகாவுக்கும் உட்கார இடமிருந்தது. அவள்தான் சுவரோடு நின்றாள்.

காஸ்பர் சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன், தொழிலாளர் சங்கச் செயலாளர். சுதந்திரம் வந்த மறு வருஷம், பொது அமைதிச் சட்டம் என்று சொல்லிப் போலீஸ் அவனை அழைத்துப் போனது. வழக்கு இல்லை, விசாரணை இல்லை. கிறிஸ்துமஸ் போய்த் தவக்காலமும் வந்துவிட்டது. அவன் இருந்த ஜெயில் ரயிலேறிப் போக வேண்டிய ஊரில்.

அகஸ்டின் ஒரு காகிதத்தை நீட்டினார். "சர்க்காருக்கு மன்னிப்பு மனு. ஒரு கையெழுத்து போடு, போதும். தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்ச குத்தத்தை மன்னிக்கணும்னு எழுதிக்கீறேன்."

"இன்னா குத்தம் மாமா?" என்றாள் வெரோனிகா.

"எனக்கு இன்னா தெரியும்? அதான் மொத்தமா போட்டுட்டேன்."

"பாவசங்கீர்த்தனத்துல நெனப்புல இல்லாத பாவத்துக்கும் சேத்துதானேடி மன்னிப்பு கேக்கறோம்" என்றாள் நோரா. "சாமியார் பேரு பேரா கேட்டுக்கினா கீறாரு?"

அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அது விசித்திரமாகப் பட்டிருக்காது. சிறு வயதிலிருந்து முழந்தாளிட்டுப் பழகிய வாசகம். வெரோனிகாவுக்கே ஒரு கணம் சரியென்றுதான் தோன்றியது.

வக்கீல் கனைத்துக்கொண்டார். "அங்க உக்காந்துண்டிருக்கறது சாமியார் இல்லம்மா, சர்க்கார். மன்னிப்புக் கேட்டா, குத்தம் உண்டுன்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. நாளைக்கு ஹைகோர்ட்டுல அதைத்தான் எடுத்து வாசிப்பா."

"அப்போ வேற வழி?" என்று கேட்டாள் வெரோனிகா.

"பிடிச்சு வெச்சா காரணத்தை எழுத்துல கொடுக்கணும்னு அவா போட்ட சட்டமே சொல்றது. கொடுக்கலைன்னா, ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி ஜட்ஜுக்குப் பதில் சொல்லுங்கோன்னு மனு போடலாம். ஜெயிக்கும்னு சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா கேக்க வேண்டியது நாம, முழிக்க வேண்டியது அவா."

"முழிக்க வெச்சுட்டு, மறுநாள் நான் அவங்க ஆபீஸ்லயே போய் ஃபைல் பாக்கணும், இல்ல?" அகஸ்டினின் குரலில் கோபம் இல்லை. "எனக்குப் பொண்ணுங்க கீதுங்கம்மா."

வெரோனிகா தரையைப் பார்த்தாள். "நான் கையெழுத்து போடல மாமா."

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நீ போடலைன்னா அவன் போடுவான். வர்ற ஞாயிறு ஜெயிலுக்குப் போறேன். அண்ணன் பேச்சை அவன் தட்டினதே இல்ல."

வாசலில் நோரா அவள் கையைப் பிடித்தாள். "கோர்ட்டுக்குப் போனா எங்க வூட்டுப் பக்கம் வராதேடி. கோவத்துல சொல்லல." பிடித்த கையை அவளே விட்டாள்.

வக்கீல் வக்காலத்துப் பத்திரத்தைக் கொடுத்து, காஸ்பரின் கையெழுத்து வேண்டும், அகஸ்டினுக்கு முன்னால் தபால் போய்ச் சேர வேண்டும், ஜெயிலில் பிரித்துப் படித்துத்தான் கொடுப்பார்கள் என்றார். காபி வேண்டாமென்று சொல்லி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

ஞாயிறென்றால் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் சாப்பாடு. அந்தப் பழக்கத்தில் பெரிய சட்டியிலேயே குழம்பு வைத்திருந்தாள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். பக்கத்திலிருந்த அகஸ்டின் வீட்டில் தட்டு வைக்கிற ஓசை கேட்டது.

எழுத உட்கார்ந்தாள். "ராத்திரியில் விளக்கை அணைக்கவே மனசு வரவில்லை" என்று தொடங்கினாள். அதை முதலில் படிக்கப்போவது யாரோ ஒரு ஜெயில் உத்தியோகஸ்தர் என்று நினைத்ததும் கை நின்றது. அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு வேறு எடுத்தாள்.

"உங்களைப் பிடித்து வைத்த காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா? இல்லையென்றால் இல்லை என்று எழுதவும். அண்ணன் கொண்டுவரும் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். இத்துடன் இருப்பதில் போடவும். நான் சுகம்."

அண்ணன் பேச்சா, தன் கடிதமா, எதைக் கேட்பான் என்று அவளுக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷம் கூட இருந்தும் தெரியவில்லை.

பத்திரத்தை உள்ளே வைத்து, கோந்தைத் தாராளமாகத் தடவி, ஓரங்களை விரலால் அழுத்தி ஒட்டினாள். படிக்கிறவர் கிழித்துத்தான் படிக்கட்டும். லஸ் முனை வரை வெயிலில் நடந்து, தபால் பெட்டிக்குள் போட்டாள்.