நூற்று நாற்பத்தாறு கிலோமீற்றர்

அண்ணனை லொறியிலிருந்து இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த ஒடுங்கிய படுக்கையிலிருந்து சதீசன் தோள்களைப் பிடித்து இழுத்தான். பக்கத்தில் டீசல் அடித்துக்கொண்டு நின்ற வெள்ளைக்கார ஓட்டுநர் ஒருவன் படியில் ஏறி நின்று கால்களைத் தாங்கினான். நெடுஞ்சாலையோரத்தில் பெற்றோலும் சாப்பாடும் தங்குமிடமும் தரும் கைகுனா ரோட்ஹவுஸை நடத்தும் பெண் சரளைக்கல்லின் மேல் ஒரு போர்வையை விரித்துவிட்டு, இரண்டு கைகளையும் மேலே நீட்டியபடி காத்திருந்தாள். கதவைத் தாண்டும்போது அண்ணனின் சட்டை சுருண்டு வயிறு வெளியே தெரிந்தது. அந்த அவசரத்திலும் சதீசன் ஒரு கையை விடுவித்து அதை இழுத்து மூடினான்.

அந்தப் பெண் முழந்தாளிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். சத்தமாக எண்ணினாள். நிலத்தில் கிடந்த அவளுடைய போனிலிருந்து விமானத்தில் வரும் பறக்கும் டொக்டர் சேவைக்காரரின் குரல் கேள்விகளைக் கேட்டபடி இருந்தது. நாடி இருக்கிறதா, விரல்கள் என்ன நிறம், உடலைப் புரட்டி முதுகில் இரத்தம் தங்கி நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்க்க முடியுமா. கடைசிக் கேள்விக்கு அவள் உடலைச் சற்றுப் புரட்டிப் பார்த்துவிட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய்ப் பதில் சொன்னாள். திரும்பி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"இனி வேண்டாமாம்," என்றாள்.

"நிப்பாட்டாதைங்கோ," என்றான் சதீசன், தமிழில்.

அவளுக்கு விளங்கியது. மறுபடியும் குனிந்து இன்னும் பத்து முறை அழுத்தினாள். பிறகு கைகளை எடுத்துத் தன் தொடையில் துடைத்துக்கொண்டாள்.

அண்ணனுக்கு நாற்பத்தொன்பது வயது. பெயர் யோகேஸ்வரன். சதீசனும் அவரும் ஒரே வள்ளத்தில் அகதிகளாக வந்தவர்கள், இந்த மார்ச்சோடு பதின்மூன்று வருடங்கள் ஆகின்றன. தம்பிக்கு விசா கிடைத்தது. அண்ணனுடைய கேஸை நிராகரித்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற தற்காலிக விசாக் காகிதத்தில் அவர் வாழ்ந்தார். மெல்பனில் டாண்டினோங்கில் இரண்டு அறை வீடு ஒன்றை எடுத்திருந்தார்கள், ஆனால் மாதத்தில் பாதி நாட்களை மெல்பனுக்கும் பெர்த்துக்கும் இடையே இந்த லொறியில்தான் கழித்தார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் படுப்பார். ஒரே வீட்டில் இருந்தும் முகம் பார்த்துக் கதைப்பது குறைவு. முதுகுக்குப் பின்னால் இருந்து வருகிற குரல்தான் அண்ணன்.

மேற்கே நோர்ஸ்மன் பட்டணத்திலிருந்து பொலிஸ் வர நான்கு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். அதுவரை அண்ணனை வெயிலில் கிடத்தி வைக்க அந்தப் பெண் விடவில்லை. ரோட்ஹவுஸின் பின்பக்கம் பயணிகள் தங்குவதற்கென்று வரிசையாக இருந்த அறைகளில் ஒன்றைத் திறந்து, ஏசியை முழுதாகப் போட்டாள். சதீசன் லொறிக்குப் போய், மெல்பனில் கேரம் டவுன்ஸ் கோயிலில் வாங்கிய விபூதிப் பொட்டலத்தை எடுத்துவந்து அண்ணனின் நெற்றியில் பூசினான். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறியது. இன்னொன்று கொண்டுவந்து வைத்தாள்.

அண்ணிக்குச் சொல்லவேண்டும். அங்கே ஊரில், பரந்தனில் இப்போது காலை. ரோட்ஹவுஸ் வைஃபையில் போன் எடுக்கலாம். அவன் எடுக்கவில்லை. அதிகாரம் உள்ள யாராவது வந்து பார்த்து இது நிச்சயம் என்று சொல்லட்டும் என்று இருந்தான். அண்ணனின் கண்ணிமை ஒன்று சரியாக மூடவில்லை. அவன் அதை இரண்டு முறை மூடிவிட்டான்.

பொலிஸில் இருந்து வந்தவள் இளம் பெண். தொப்பியைக் கழற்றிவிட்டு அறைக்குள் வந்தாள். செய்யவேண்டியதைச் செய்து முடித்து, அவனை ரோட்ஹவுஸின் சாப்பாட்டு மேசைக்கு அழைத்துப்போய்க் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள்.

"அவர் உங்களோடு கடைசியாக எப்போது பேசினார்?"

சதீசன் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினான். பலடோனியா ரோட்ஹவுஸில் நிறுத்திக் காலைச் சாப்பாடு சாப்பிட்டோம். அவர் ஒரு பாண் துண்டில் பாதிதான் சாப்பிட்டார். நெஞ்சு எரிகிறது என்று சோடா வாங்கிக் குடித்தார். நீ ஓட்டு, நான் கொஞ்சம் சரிந்து படுக்கிறேன் என்று பின்னால் போனார். நான் எட்டரைக்கு வெளிக்கிட்டேன். நேர்ச்சாலை தொடங்கும் பலகையைத் தாண்டினோம்.

அவள் தலையசைத்தாள். பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே நூற்று நாற்பத்தாறு கிலோமீற்றருக்கு ஒரு வளைவுகூட இல்லாத அந்தச் சாலையை அவளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

"ஒன்பதரை மட்டில் என்னைக் கூப்பிட்டார். நிறுத்தச் சொன்னார்."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"நிறுத்தவில்லை. கைகுனாவில் நிறுத்துகிறேன் என்றேன். ஓய்வெடுக்கிற இடம் ஒன்றை அப்போதுதான் தாண்டியிருந்தோம். ஓரத்து மண் இளக்கம், இரண்டு ட்ரெய்லரோடு அங்கே இறக்க முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "அதற்குப் பிறகும் நிறுத்தக்கூடிய மூன்று இடங்கள் வந்தன," என்றான்.

"அவர் மறுபடி கூப்பிட்டாரா?"

"இல்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்."

ஆங்கிலத்தில் அதைச் சொல்லிவிட முடிந்தது. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல வசனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"இதற்கு முன்பும் நெஞ்சுவலி இருந்ததா?"

"இரண்டு மாதமாக."

"டொக்டரிடம் போனாரா?"

"இல்லை. மெடிக்கலில் பிடிபட்டால் லைசன்ஸ் போய்விடும். லைசன்ஸ் போனால் வேலை போய்விடும். வேலை இல்லாவிட்டால் விசாக்காரர்கள் என்ன செய்வார்களோ என்ற பயம். யாரிடமும் சொல்லாதே என்றார். நானும் சொல்லவில்லை."

அவள் பேனை ஒரு கணம் நின்று, பிறகு எழுதியது. அதை எழுதவேண்டாம் என்ற சொல் அவன் வாய்வரை வந்தது. இனி யாருடைய லைசன்சைக் காப்பாற்ற என்று நினைத்து வாயை மூடிக்கொண்டான்.

"நீங்கள் நிறுத்தியிருந்தாலும் அந்த இடத்தில் யாராலும் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது," என்றாள் அவள். அன்பாகத்தான் சொன்னாள். "உதவி வரவே மணிக்கணக்கில் ஆகியிருக்கும்."

உதவிக்கென்று அண்ணன் கூப்பிட்டிருப்பார் என்று இவள் நினைக்கிறாள். ஒருவேளை பக்கத்தில் யாராவது வந்து இருக்கட்டும் என்று மட்டும் கூப்பிட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் பரந்தனுக்குப் போன் எடுத்தான். நாகபூசணி அண்ணி முதலில் சிரித்துக்கொண்டே, "என்ன தம்பி இந்த நேரத்தில, உன்ர அண்ணர் லொறி ஓடுறாரோ?" என்று கேட்டாள். அவன் சொன்னான். எந்தச் சொற்களால் சொன்னான் என்பது பிறகு அவனுக்கு நினைவில்லை. போன் எங்கோ விழுந்தது. அலறல் தூரத்தில் கேட்டது. யாரோ ஓடிவந்தார்கள். ஒரு ஆண் குரல் "ஆர் கதைக்கிறது, ஆர் கதைக்கிறது" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு துண்டிக்கப்பட்டது.

ஒரு மணித்தியாலம் கழித்து அண்ணியே போன் எடுத்தாள். குரல் காய்ந்துபோயிருந்தது.

"தம்பி, ஐயர் நேரம் கேக்கிறார். திதி பாக்கவேணுமாம். எத்தினை மணிக்குச் சீவன் போனது?"

சதீசன் நிமிர்ந்து பார்த்தான். கல்லாப்பெட்டிக்கு மேலே இரண்டு மணிக்கூடுகள் தொங்கின. ஒன்று பெர்த் நேரம். மற்றது, கைகுனாவிலிருந்து கிழக்கே இருக்கிற நான்கைந்து ரோட்ஹவுஸ்காரர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட, பெர்த்தைவிட முக்கால் மணி முன்னே ஓடும் நேரம். ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் இடையில் ஏதோ ஒரு நிமிடம். அந்த ஒரு மணித்தியாலத்தில் அவன் என்ன செய்தான் என்று யோசித்தான். பாட்டுக் கேட்டான். அப்பிள் ஒன்று தின்றான். எதிரே வந்த கழுகுக்காக வேகம் குறைத்தான்.

"உங்கட நேரம் ஏழேகால், அண்ணி."

"ஏழேகால்," என்று அவள் யாருக்கோ திருப்பிச் சொன்னாள். அங்கே யாரோ அதை எழுதினார்கள். "ஏழேகாலுக்கு நான் மேனுகாவுக்குத் தலை பின்னிக்கொண்டு நிண்டனான். பள்ளிக்கூடத்துக்கு நேரம் போட்டுதெண்டு அவளைப் பேசினனான்."

மேனுகா மகள். அண்ணன் வள்ளம் ஏறியபோது நான்கு வயது.

"நீ பக்கத்தில இருந்தனியோ, தம்பி?"

"ஓம் அண்ணி."

அது பொய்யில்லை. மூன்றடி தூரம்தான்.

"கஷ்டப்பட்டவரோ?"

"இல்லை. கஷ்டப்படேல்லை."

"கடைசியா ஏதும் சொன்னவரோ?"

அந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். அறையில் உட்கார்ந்திருந்த நான்கு மணித்தியாலமும் அதற்கு ஒரு பதிலைத் தயார்செய்து வைத்திருந்தான். பிள்ளையைப் படிப்பிக்கச் சொன்னார், உங்களை யோசிக்கவேண்டாம் என்றார். தாயும் மகளும் வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளக்கூடிய வார்த்தைகள். யாருக்கும் தீங்கு இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"தம்பி எண்டு கூப்பிட்டவர்," என்றான்.

"கூப்பிட்டவர்?"

"ஓம். லொறியைக் கொஞ்சம் நிப்பாட்டெண்டவர்."

"நீ என்ன சொன்னனி?"

குளிர்சாதனப் பெட்டி ஒன்று உறுமி ஓய்ந்தது. பொலிஸ்காரப் பெண் வெளியே வானொலியில் யாருக்கோ எண்கள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பொறுங்கோ அண்ணை எண்டனான்."

மறுமுனையில் அண்ணியைச் சுற்றிலும் சத்தங்கள் இருந்தன. யாரோ கதிரைகளை இழுத்தார்கள். யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். அண்ணியின் மூச்சு மட்டும் போனுக்கு மிக அருகில் கேட்டது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நல்லது என்று இருந்தது.

"அண்ணி..."

"மேனுகாவுக்கு இதைச் சொல்லிப்போடாத," என்றாள் அவள். குரலைத் தாழ்த்தியிருந்தாள். "அவள் கேட்டா, நித்திரையில போனவர் எண்டு சொல்லு. நானும் அப்பிடித்தான் சொல்லுவன்."

"ஓம் அண்ணி."

"ஆருக்கும் சொல்லாத."

"ஓம்."

"வைக்கிறன்."

வைத்துவிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்காமல் அவள் போனை வைப்பது இதுதான் முதல் தடவை.

நாலரை மணிக்கு உடலை ஏற்றிப்போக வெள்ளை வான் வண்டி ஒன்று வந்தது. உடலை முதலில் நோர்ஸ்மனுக்கும் அங்கிருந்து பெர்த்துக்கும் கொண்டுபோவார்கள் என்று பொலிஸ்காரப் பெண் விளக்கினாள். பிரேதப் பரிசோதனை முடிய ஒரு கிழமையோ அதற்கு மேலோ ஆகலாம். லொறியை எடுத்துப்போக இன்னொரு ஓட்டுநர் நாளைக்குத்தான் வருவார்.

"நானும் அந்த வண்டியில் போகலாமா?"

"முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். அவர்கள் இரண்டு பேர்."

"பின்னால் இருக்கிறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். "அனுமதி இல்லை," என்றாள். "மன்னித்துக்கொள்ளுங்கள்."

இந்த முறை அண்ணனைத் தூக்க இரண்டு பேர் போதுமாக இருந்தது. சில்லு வைத்த கட்டிலில் வைத்துத் தள்ளினார்கள். சதீசன் கூடவே நடந்து, கதவு மூடும்வரை நின்றான். வான் பெற்றோல் பம்புகளைச் சுற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறி மேற்கே திரும்பியது. பொலிஸ் வாகனம் பின்னால் போனது.

அவன் தார்ச்சாலையின் ஓரம்வரை நடந்தான். சூரியன் சாலையின் மறுமுனையில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் உப்புப் புதரும் சிவந்த மண்ணும். வாகனங்கள் சிறுத்தன. வளைவோ மேடோ இல்லாததால் எதற்குள்ளும் போய் மறையவில்லை. பொலிஸ் வாகனம் எது, மற்றது எது என்று சற்று நேரத்தில் தெரியாமல்போனது. கானலில் இரண்டு புள்ளிகள் ஒன்றாகிப் பிரிந்து நடுங்கின.

ரோட்ஹவுஸ் பெண் அவனை உள்ளே கூப்பிட வந்தாள். கூப்பிடவில்லை. பக்கத்தில் வந்து நின்று, அவனைப் போலவே கண்களுக்கு மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அந்த வான் வண்டி இன்னும் தெரிந்தது.