அக்காவின் குரலுக்கு ஓர் அப்டேட்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. சென்ற வாரம் என் கைபேசி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. காலையில் எழுந்து பார்த்தால் பொத்தான்களெல்லாம் இடம் மாறி, வேறு யாரோ குடிவந்த வீடு மாதிரி இருந்தது. அலாரத்தை நிறுத்த வழி தெரியாமல் தலையணைக்கடியில் வைத்து அமுக்கினேன். இதையெல்லாம் ஆசை ஆசையாகச் செய்கிற ஒருவனைப் பிடித்து, கதைக்குள் போட்டு, வாங்கு வாங்கென்று வாங்குவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: "திருப்புளி எந்தப் பொருளையும் வாங்கியபடியே வைத்திருந்ததில்லை, ஏனென்றால் அவனுடைய"

ஏனென்றால் என்ன? தெரியவில்லை. வரி அப்படியே கிடக்கட்டும்.

2

திருப்புளி என்பது பட்டப்பெயர். ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் சொந்தச் சாமான்களிடம் அதே வேலை. மடிக்கணினியை அடிக்கடி திறப்பதால் அடிப்பக்கத்துத் திருகாணிகளில் பாதியைப் போடுவதே இல்லை. விசைப்பலகையில் ஒவ்வொரு விசையையும் கழற்றி, எண்ணெய் தொட்டு, சத்தம் தனக்குப் பிடித்தபடி வரும்வரை ஓயமாட்டான். விருந்தாளியின் கைபேசி மேசையில் கிடந்தால் அவன் கை பரபரக்கும். "கொஞ்சம் ஸ்லோவா இருக்கு போல" என்பான். விருந்தாளி சட்டென்று எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

[கேலி செய்யத்தான் இவனைக் கொண்டுவந்தேன். ஆனால் பொடித் திருகாணியை இறுக்கும்போது இவன் நாக்கைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடிக்கிறான். அதை எழுதியதிலிருந்து எனக்கு இவனைப் பிடித்துத் தொலைத்துவிட்டது.]

3

அக்கா என் திட்டத்திலேயே இல்லை. இவன் கெடுப்பதற்கு இன்னொருவரின் கைபேசி தேவைப்பட்டது; 'அக்கா' என்று எழுதினேன். அவள் பாட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். தொண்டையில் ஓர் அறுவைச் சிகிச்சை. அதோடு குரல் போயிற்று. அதற்குப் பிறகு அவளுக்காகக் கைபேசிதான் பேசுகிறது. அவள் தட்டச்சு செய்வாள், அது வாசிக்கும். அதிலிருந்த பழைய இயந்திரக் குரலைத் தாழ்த்தி, வேகம் கூட்டி, தனக்கென்று ஒன்றை அவளே அமைத்துக்கொண்டாள். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும். வண்டியில் அவசரத்துக்குப் பெரிய பெரிய பொத்தான்கள்: 'பிரேக்', 'கண்ணாடியப் பாரு', 'கிளட்ச விடாதே'. ஒன்றைத் தொட்டால் போதும், கற்றுக்கொள்ள வந்தவர் துள்ளி விழுவார். தம்பியைத் திட்டுவதும் அந்தக் குரலில்தான், சிரிப்பதும் அதில்தான். அவள் 'ஹஹஹ' என்று அடித்தால் அது ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி வாசிக்கும். அந்தக் கூத்தில் மற்றவர்களுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

(முதல் பிரதியில் அக்கா மௌனத்தைப் பற்றி அழகான நீண்ட வாக்கியம் ஒன்று பேசினாள். ஓடுகிற வண்டியில் யாருக்கு அதற்கு நேரம்? எடுத்துவிட்டேன்.)

4

அவளுடைய கைபேசி தடுமாற ஆரம்பித்திருந்தது.

"குடுக்கா, சாயங்காலத்துக்குள்ள புதுசாக்கித் தர்றேன்" என்றான் திருப்புளி.

தந்தான். பேட்டரி மாற்றினான். பழைய மென்பொருளைச் சுத்தமாகத் துடைத்து, இருப்பதிலேயே புதியதை ஏற்றினான். படங்கள், எண்கள், அந்தப் பெரிய பொத்தான்கள் எல்லாம் பத்திரம். பழைய குரல் மட்டும் புதிய மென்பொருளில் ஓடவில்லை. அவனுக்கு அதில் உள்ளூர மகிழ்ச்சிதான். தேடிப் பிடித்து, செய்தி வாசிப்பவர் மாதிரிக் கனிவான குரல் ஒன்றைப் போட்டான். மனிதர்கள் போலவே அது பேசுமுன் மூச்சுக்கூட வாங்கும். சோதனைகள் எல்லாவற்றிலும் கைபேசி பறந்தது. அந்த மூச்சுக்கு ஆகும் நேரத்தை அளக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வகுப்பில் ஒரு வீட்டின் கேட் எதிரே வந்தது. அக்கா பொத்தானைத் தொட்டாள். குரல் மூச்சு வாங்கியது. பிறகு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதுபோல, "பிரேக்" என்றது.

"யாரோ கால் பண்றாங்க போல மேடம்" என்றார் ஓட்டியவர்.

அக்கா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்ததால் கேட் தப்பித்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் முதலாளி நல்ல மனிதர். அதனால் மெதுவாகத்தான் சொன்னார்: "அந்தக் குரல் சரியாகுறவரைக்கும் வண்டில ஏற வேணாம்மா. ஆபீஸ்ல உக்காருங்க."

வீட்டுக்கு வந்து கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தவள்தான். பிறகு தட்டச்சு செய்யவே இல்லை. வண்டியில் ஏறும் வேலையும் போய், திட்டுவதற்கு ஒரு குரலும் இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்தது அவனைக் கொன்றது.

5

முடிவுகளைத் தேடினேன்.

அ) முன்பின் தெரியாத ஒருவர் இணையத்தில் பழைய குரலை அனுப்பிவைக்கிறார். ஆனால் அது ஓட பழைய மென்பொருள் வேண்டும்; ஏறிய புதியதை இறக்க முடியாதபடி கைபேசிக் கம்பெனி பூட்டு போட்டிருக்கிறது. திருப்புளி முட்டி மோதிப் பார்த்துவிட்டான். ஒரு வரியில் நான் திறந்துவிட்டால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆ) நாளடைவில் எல்லோருக்கும் புதுக்குரல் பழகிவிடுகிறது. "அக்காவின் முகத்தில் மெல்ல ஒரு புன்னகை"

வேண்டாம்.

6

வேலை முடியாத பொருளை யாரிடமும் காட்டுவது திருப்புளிக்கு மானப் பிரச்சினை. இந்தமுறை அக்காவின் கைபேசியை அரைகுறையாகவே எடுத்துப் போனான். பள்ளிக்குப் பின்னால் பயிற்சி மைதானம், நிறுத்தியிருந்த வண்டி. அவன் ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்தான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அக்கா பக்கத்தில். திரையில் குரலை மாற்ற அவனே எழுதிச் சேர்த்த, விரலால் தள்ளுகிற மூன்று கோடுகள்: கனம், வேகம், மூச்சு.

"எது சரின்னு எனக்குத் தெரியலக்கா. தெரிஞ்ச மாதிரி செஞ்சிட்டேன். நீயே தள்ளிப் பாரு."

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூச்சை முழுக்க அணைத்தாள். கனத்தை இழுத்தாள். குரல் கரகரத்தது.

"அதுக்கும் மேல போனா உடஞ்சிடும்..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான். உடையும் இடத்தையும் தாண்டி இழுத்தாள். பழைய குரல் இல்லைதான். கனிவு மட்டும் ஒழிந்திருந்தது.

பிறகு தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். விரல் நிற்கவே இல்லை. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தான்.

7

அவள் என்ன அடித்தாள்? எழுதி எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மன்னித்தாள், ஒன்றில் அழவைத்தாள். எல்லாமே நல்ல வாக்கியங்கள். எல்லாவற்றிலும் என் குரல். திருப்புளி செய்த அதே வேலையை நானும் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆகவே கையை எடுத்துவிடுகிறேன். உங்களைத் திட்ட உரிமையுள்ள ஒருத்தி எங்காவது இருப்பாள். அவளை நினைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

அக்கா: "                                        "

உரக்கப் படியுங்கள், இடையில் மூச்சு வாங்காமல். எவ்வளவு கோபமானாலும் பரவாயில்லை, அவன் தாங்கிக்கொள்வான். அழகாக்க மட்டும் வேண்டாம்.