மீன்களோடு வந்துபோனவன்

லேவ்வா ஆற்றில் மூழ்கி இறந்த நீலாஸ், ஒவ்வொரு ஜூன் மாதமும் சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஆறேறி வரும்போது அவற்றோடு வீட்டுக்கு வந்துவிடுவான். முட்டையிட்டு மெலிந்த மீன்கள் கடலுக்குத் திரும்பும்போது அவனும் கிளம்புவான். முதல் ஆண்டு பாதிரியார் முணுமுணுத்தார். மறு ஆண்டு அவரே தன் கிழிந்த வலையை அவனிடம் கொடுத்துத் தைத்து வாங்கிக்கொண்டார்.

அவன் மனைவி ரிஸ்தெனுக்கு மீன்களை எண்ணும் வேலை. இலையுதிர் காலத்தில் ரப்பர் உடை மாட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து ஆற்றோடு மிதந்துபோவாள். அவள் சொல்வதை வைத்துத்தான் தெற்கே நகரத்திலிருந்த குழு, லேவ்வாவின் சால்மன் நலமா, அருகிவருகிறதா, அழிவின் விளிம்பிலா என்று தீர்மானிக்கும். கடல் சூடேறியது. கடல்முகத்து மீன்வளர்ப்புக் கூண்டுகளிலிருந்து பரவிய கடல்பேன், சால்மன் குஞ்சுகளைத் தின்றது. குழு தன் பட்டியலில் ஆற்றை ஒவ்வொரு படியாக இறக்கியது. நீலாஸும் இளைத்தான், ஜூலையில் வந்தான், பிறகு ஆகஸ்டில்.

“புருஷனுக்கு நல்லா ஆக்கிப் போடக்கூடாதா? ஆளு தூண்டில் நரம்பாட்டம் ஆயிட்டான்” என்றாள் பக்கத்து வீட்டு எல்லென்.

“அவன் சோறு என் அடுப்புல இல்ல, எல்லென்.”

கடைசி ஆண்டு செப்டம்பரில் வந்தான். தனியாக.

“பின்னால யாரும் வரலையா?” என்று கேட்டாள் ரிஸ்தென்.

“கூண்டு வரைக்கும் நாலஞ்சு மீனு கூட வந்துச்சு. அப்புறம் நான் மட்டுந்தான்.”

ஆனாலும் ரிஸ்தென் ஆறு முழுக்க மிதந்து பார்த்தாள். கல்லும் பாசியும்தான். குழுத் தலைவர் ஹோகன் தொலைபேசியில் கெஞ்சாத குறை: “ஒண்ணு இருந்தாக்கூட ஆத்துக்குப் பாதுகாப்பு இருக்கும். இல்லைன்னா கூண்டுக்காரங்க ஆத்து வாய்க்குள்ளயே வந்துடுவாங்க. யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒண்ணு இருக்குன்னு சொல்லிடட்டுமா?” என்று நீலாஸிடம் கேட்டாள்.

அவன் சிரித்தான். “என்னையவா மீன் கணக்குல சேக்கப் போற?”

அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஹோகனிடம் சொன்னாள்: “மீனு அத்துப்போச்சு. இருக்குன்னு சொன்னா, செத்தது எதனாலன்னு யாரும் கேக்கவே மாட்டாங்க.”

அக்டோபரில் நீலாஸ் கரைக்குப் போய் நின்றான். இத்தனை ஆண்டுகளாகப் போகாதே என்று அழுதவள், அன்று போய்விடு என்று மனதுக்குள் மன்றாடினாள். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தான்.

“வழி தெரியல, ரிஸ்தென். எப்பவும் அதுங்க பின்னாலதானே போவேன்.”

வசந்தத்தில் கூண்டுகள் உள்ளே வந்தன. நீலாஸ் சமையலறை மூலையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் மேலிருந்து ஆற்றுத் தண்ணீர் ஓயாமல் வடிகிறது. ரிஸ்தென் தரைப்பலகையை அறுத்து வெளியே ஒரு சிறு வாய்க்கால் விட்டிருக்கிறாள். காப்பிக்கு வரும் எல்லென் பாவாடையைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டி வந்து உட்காருகிறாள்.